கஞ்சாக் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காபுறோவில் அனுமதி பெற்ற கஞ்சாக் கடையொன்றில் வேலை செய்கிறேன். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் கடைகள் 2019 ஏப்ரலில் திறந்தன. இத்தனை வருடமாகியும், புதிதாக வருகிறவர்கள், முக்கியமாக நம்முடைய வயதானவர்கள், ஆரம்பத்தில் வந்தவர்கள் செய்த அதே பிழைகளைத்தான் செய்கிறார்கள். பாவித்துவிட்டுக் கார் ஓட்டக்கூடாது, கர்ப்ப காலத்தில் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேரப்பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டி வருவது

19 வயதுக்குக் குறைந்தவர்கள் கடைக்குள் வரவே முடியாது. காசு கொடுப்பது நீங்கள்தான் என்றாலும் சட்டம் அதுதான். 17 வயதுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மம்மாவை வாசலோடு திருப்பி அனுப்புவது எங்களுக்கும் கஷ்டம். மகனையோ மகளையோ கூட்டி வாருங்கள். அல்லது தமிழ் தெரிந்தவர் எப்போது வேலைக்கு நிற்பார் என்று போன் எடுத்துக் கேளுங்கள். ஸ்காபுறோவில் அது பெரிய காரியமில்லை.

கம்மியைப் பையிலிருந்து எடுத்து வேறு ரின்னில் போட்டு வைப்பது

கம்மி என்றால் கஞ்சா கலந்த மெல்லும் இனிப்பு. அதை ரின்னில் போடுவதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

சின்னப் பிள்ளைகளால் திறக்க முடியாதபடிதான் கஞ்சாப் பொதிகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பை என்றால் ஓரத்தில் ஒரு இடத்தை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டே சிப்பை இழுக்க வேண்டும். போத்தல் என்றால் மூடியை அமத்தித் திருக வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையைத் தடுக்கிற அந்தப் பூட்டு, மூட்டுவாதத்தால் விரல் மடங்காத எழுபது வயதுக்காரரையும் தடுக்கிறது. அவர் வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலால் பையை வெட்டுகிறார், உள்ளே இருப்பதை ஒரு பிஸ்கற் ரின்னில் போடுகிறார், பையைக் குப்பையில் எறிகிறார்.

எங்களிடம் வழக்கமாக வாங்கும் ஒரு ஐயா இதைத்தான் செய்தார். வேறு வேறு பைகளில் இருந்ததை ஒரே ரின்னில் கொட்டி வைத்திருந்தார். ஊரிலிருந்து வந்து நின்ற மனைவியின் தமக்கை, பின்னேரத் தேநீரோடு அதில் இரண்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். சீனி தூவி, மாம்பழ வாசத்தோடு இருக்கும் இனிப்பு, யார் சந்தேகப்படுவார்கள்? ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, பேச்சுக் குழறல். பக்கவாதம் என்று பயந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கான் எடுத்து, இரத்தம் எடுத்து, இரவு முழுக்கக் காரணம் தேடினார்கள். ஐயாவுக்குக் காரணம் தெரியும். மருமகன் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. விடியப்போகும் நேரத்தில்தான் மகளிடம் மெதுவாகச் சொன்னார். சொன்ன பிறகும், எத்தனை மில்லிகிராம் என்று டொக்ரர் கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த எண் இருந்த பை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

அந்த அம்மாவுக்கு அடுத்த நாள் தெளிந்துவிட்டது. அதை ஒரு சின்னப் பிள்ளை எடுத்திருந்தால் இவ்வளவோடு போயிருக்காது. பெரியவருக்கு மயக்கம் தரும் அளவு, பிள்ளைக்கு மூச்சையே பாதிக்கலாம்.

பொதியில் பிள்ளைகளைக் கவரும் படம் இல்லாமல், பளிச்சென்ற நிறம் இல்லாமல், சிவப்பு எண்கோணத்துக்குள் கஞ்சா இலையும் ரி.எச்.சி (THC, கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்ற எழுத்தும் உள்ள அடையாளத்தைப் போடச் சொல்லியிருப்பது யாரும் அதை இனிப்பென்று நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான். ரின்னுக்குள் போட்டதும் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது.

இதில் கடைகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் சட்டம் ஒன்ராறியோவில் 2005 இலிருந்து இருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற கடைகள் பல. 'உங்களால் இதைத் திறக்க முடியுமா?' என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதனால் நீங்களே கேளுங்கள். "தம்பி, எனக்கு இது திறக்கேலாது" என்று சொன்னால் போதும். வெறும் பை ஒன்றைத் தந்து திறந்து பார்க்கச் சொல்லலாம். உங்கள் கைக்குச் சரிவரும் வேறு பொதியையும் காட்டலாம்.

மூடி திருகுவது சிலருக்குச் சுலபம், கீழே வழுக்காத இறப்பர் விரிப்பு ஒன்றை வைத்தால் இன்னும் சுலபம். கை நடுங்குகிறவர்கள் கஞ்சா எண்ணெயைச் சிரிஞ்சில் அளந்து மல்லுக்கட்டுவதைவிடக் காப்சூல் எடுப்பது நல்லது, அளவு மாறாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கம்மிப் பொதி ஒன்றில் மொத்தமாகவே 10 மில்லிகிராம் ரி.எச்.சிதான் இருக்கலாம். காப்சூல் போத்தலில் ஒவ்வொரு காப்சூலிலும் 10 வரை இருக்கலாம்.

வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வெட்டுங்கள். ஆனால் கம்மி அதே பைக்குள்ளேயே இருக்கட்டும். பையைப் பூட்டுள்ள பெட்டிக்குள் வையுங்கள். தவறி யாராவது சாப்பிட்டுவிட்டால் உடனே சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் பையையும் கொண்டுபோங்கள். வயது வந்தவர் இதை வீட்டில் வைத்திருப்பது இங்கே குற்றமில்லை.

லேபிளைப் பார்த்துச் சும்மா தலையாட்டுவது

எழுத்து மிகச் சிறியது. போனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள், அல்லது எங்களை வாசிக்கச் சொல்லுங்கள். புகைக்கக் காய்ந்த பூவாக வாங்குகிறவர்கள், லேபிளில் 'ரி.எச்.சி' என்று தனியாக ஒரு சின்ன எண் இருந்தால், அதைப் பார்த்து இது மென்மையானது என்று நினைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது 'மொத்த ரி.எச்.சி'. சூடேறிய பிறகு கிடைக்கும் அளவு அதுதான். ஒரு கிராமுக்கு 220 மில்லிகிராம் என்றிருந்தால் 22 வீதம். முதல் தடவை பாவிப்பவருக்கு அது மிக அதிகம்.

ஒன்றும் செய்யவில்லை என்று இரண்டாவதையும் சாப்பிடுவது

சாப்பிட்ட கம்மி வேலை செய்யத் தொடங்க 2 மணி நேரம் ஆகலாம், உச்சத்துக்கு 4 மணி நேரம். 2.5 மில்லிகிராம் ரி.எச்.சியோடு நிறுத்துங்கள்.

மருந்துக் கேள்விகளை எங்களிடம் கேட்பது

மூட்டு நோவுக்கு எது நல்லது, சலரோகத்துக்கு எது நல்லது என்று கேட்கிறார்கள். மருத்துவப் பலன் பற்றிப் பேச எங்களுக்கு அனுமதி இல்லை, அந்தப் படிப்பும் இல்லை. நீங்கள் எடுக்கும் குளிசைகளின் பட்டியலோடு மருந்துக் கடைக்காரரிடம் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுக்கிறவர்கள் கட்டாயம் போகவேண்டும். கஞ்சாவும், அதிலுள்ள போதை தராத பொருளான சி.பி.டியும் (CBD) அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி இரத்தம் கசிய வைக்கலாம். வெறும் சி.பி.டிதானே, மூலிகைதானே என்று இந்த விடயத்தில் இருந்துவிடாதீர்கள்.

ஊருக்குப் போகும் பெட்டியில் வைப்பது

ஒரு கம்மிகூட வேண்டாம். சி.பி.டி எண்ணெயும் வேண்டாம். அமெரிக்காவில் பஃபலோவுக்குக் காரில் போய் வந்தாலும் இதே சட்டம்தான். எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் கனடாவிலேயே குற்றம்.