வீடில்லாத பெண்களுக்குப் பொருள் சேர்க்கும்போது செய்யக் கூடாதவை

போன ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அட்டைப்பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சாலையோரம் தங்கும் பெண்களுக்காகவாம். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், முழுக்க நாப்கின். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. கிழிந்த துணி, தேதி போன பேஸ்ட் வாங்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உள்ளாடை இல்லாமல் நாப்கின்

அப்போது எங்களிடம் 200 பாக்கெட் சேர்ந்திருந்தது. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் படுத்திருந்த ஓர் அக்காவிடம் ஒன்றைக் கொடுத்தேன். பிரித்து, பின்பக்கப் பசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத்த எதுல ஒட்றதுமா?" என்றார். பாவாடைக்குள் போட அவரிடம் எதுவும் இல்லை. பழைய வேட்டித் துணியும் இரண்டு ஊக்கும் கிடைக்குமா என்று கேட்டார். அடுத்த வாரம் ஜட்டி வாங்கிக்கொண்டு போனேன். அவர் அங்கே இல்லை.

சரி, துணியே கொடுக்கலாமே என்றால், அதை எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது? ஈரத்தோடு திரும்பக் கட்டினால் தொடையெல்லாம் புண்ணாகும். அதனால் நாப்கின்தான் சரி. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டோடும் இரண்டு புது ஜட்டி, அடர்ந்த நிறத்தில், 85 முதல் 100 வரை எல்லா அளவும் கலந்து போக வேண்டும். 'உள்ளாடை கொடுங்கள்' என்று கூச்சத்தோடு கேட்டால் பழையதைத் துவைத்துக் கொடுப்பார்கள். இதற்கு மட்டும் காசாக வாங்கி, லாங் பஜாரில் மொத்தமாக எடுங்கள். சுருட்டிப் போடப் பழைய செய்தித்தாள், கட்டணக் கழிப்பறைக்குக் கொஞ்சம் சில்லறை, இரண்டையும் உள்ளே வையுங்கள். மாற்றிக்கொள்ள மறைவான இடம் அவர்களுக்கு அது ஒன்றுதான்.

எங்கள் 200-இல் பாதிக்கு மேல் பரணிலேயே கிடந்தது. இன்றும் வெறும் நாப்கின் மூட்டையோடு யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வருகிறது.

புடவையாகக் குவிப்பது

புடவை வரும், அளவான ரவிக்கையும் உள்பாவாடையும் வராது. நைட்டியும் மேலே போட ஒரு துண்டும் யாருக்கும் பொருந்தும். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து, காசு தீர்ந்து வெளியில் படுப்பவர்களும் உண்டு. அவர்கள் சுடிதார் கேட்பார்கள். இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

பெரிய பாட்டில், பளபளக்கும் பை

தலைக்கு வைத்துப் படுக்கிற அளவுதான் அவர்களால் காப்பாற்ற முடியும். சாஷே ஷாம்பு, சின்ன சோப்பு, பேன் சீப்பு போதும். புதுப் பையென்றால் விடிவதற்குள் காணாமல் போகும். பழைய கட்டைப்பையில் போட்டு, மழைக்காலத்தில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவரும் வையுங்கள்.

போட்டோ

எடுக்கவே வேண்டாம்.

இரவில் எழுப்புவது

இருட்டில் ஓர் ஆண் குரல் எழுப்பினால் எந்தப் பெண்ணும் நடுங்கித்தான் போவாள். விடிந்த பிறகு போங்கள், உங்களில் பெண்கள் முன்னால் நிற்கட்டும். உடம்பில் காயம் தெரிந்தாலோ, யாருக்கோ பயப்படுவதாகப் பட்டாலோ, தள்ளி வந்து 181-க்குப் பேசுங்கள். பெண்களுக்கான உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள்.