கிரைண்டரைக் கழற்றுமுன் சமையலறைக்குப் போங்கள்: சிறு பட்டறைக்கு டிசைன் திங்கிங்

கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைகளில் லேத் வேலையும் வெல்டிங்கும் பேர் சொல்லும்படி இருக்கும். புதுப் பொருள் செய்ய வேண்டும் என்றால் மட்டும் வழக்கமாக ஒரே வழிதான்: சந்தையில் ஓடுகிற மாடலை வாங்கி, கழற்றி, அளவெடுத்து, கொஞ்சம் மலிவாகச் செய்வது. அப்படிச் செய்யும்போது அந்த மாடலில் உள்ள குறையும் அப்படியே நம் பொருளுக்கு வந்துவிடுகிறது. வாங்கியவர் வீட்டில் அந்தப் பொருளோடு என்ன பாடு படுகிறார் என்பது கழற்றிப் பார்த்தால் தெரியாது.

அதைப் போய்ப் பார்த்து, அங்கிருந்து பொருளை யோசித்து வருகிற முறைக்குத்தான் டிசைன் திங்கிங் என்று பெயர். இருக்கும் நிலையை விரும்பும் நிலையாக மாற்ற வழி வகுக்கிற எவரும் வடிவமைப்பாளரே என்று 1969-ல் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் எழுதினார். அந்தக் கணக்கில் நம் ஊர் ஃபிட்டரும் வடிவமைப்பாளர்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி இதை ஐந்து கட்டமாகப் பிரித்துப் பிரபலமாக்கியது: பயன்படுத்துபவரை உணர்தல், பிரச்சினையை வரையறுத்தல், யோசனை பெருக்கல், மாதிரி செய்தல், சோதித்தல். ஐந்துக்கும் சம நேரம் கொடுக்காதீர்கள். மொத்த நாட்களில் பாதி முதல் இரண்டுக்கே போக வேண்டும். பெரும்பாலும் வேலை கெடுவது அங்கேதான்.

இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரை எடுத்துக்கொண்டு முழு முறையையும் பார்ப்போம். ஆட்டாங்கல்லில் கல் நிற்கும், குழவி சுழலும். கிரைண்டரில் கல் சுழலும், குழவி தன் இடத்தில் நிற்கும். 1955-ல் பி. சபாபதி கோவையில் உருவாக்கிய வெட் கிரைண்டர் அந்த மாற்றத்தோடு வந்தது. ஆட்டும் கையின் வேலையை மோட்டார் வாங்கிக்கொண்டது. வழிப்பதும் தூக்குவதும் கழுவுவதும் இன்னும் கையிடமே இருக்கின்றன. நாம் பார்க்கப் போவது அந்த மிச்ச வேலையை.

முதல் கட்டம்: ஆறு வீடு, முழு ஆட்டு

ஆறு வீடு போதும், ஆனால் ஆறும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. தனியாக இருக்கும் வயதானவர் இரண்டு பேர், வேலைக்குப் போகிற குடும்பம் இரண்டு, மாவு விற்கிறவர் ஒருவர், கிரைண்டரை வாங்கி அட்டாலியில் (பரணில்) போட்டுவிட்டவர் ஒருவர். கடைசி ஆளை விடவே விடாதீர்கள். பயன்படுத்துகிறவர் பழகிப்போய் மறந்த குறையெல்லாம், நிறுத்திவிட்டவருக்கு நன்றாக நினைவிருக்கும்.

மற்ற ஐந்து வீட்டுக்கும் அவர்கள் மாவு ஆட்டும் நாளில் போங்கள். சும்மா ஓட்டிக் காட்டச் சொன்னால் பாதி தெரியாது. ஊறிய அரிசியைக் களைவதில் தொடங்கி, உளுந்து ஆட்டி, அரிசி ஆட்டி, போசியில் வழித்து, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது வரை இருங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். ஒருவர் பேசட்டும், ஒருவர் குறிக்கட்டும். அதற்கு மேல் ஆள் போனால் வீட்டுக்காரர் விருந்தாளியைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்.

குறிப்பு நோட்டை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: அவர் சொன்னது, அவர் செய்தது, நாம் ஊகித்தது. ஊகத்தைக் கண்டிப்பாகத் தனியாக எழுதுங்கள். "டிரம் கனமா இருக்குது" என்பது அவர் சொன்னது. டிரம்மைத் தூக்கும்முன் முந்தானையில் இரண்டு தடவை கை துடைத்தது அவர் செய்தது. "எடையைக் குறைக்க வேண்டும்" என்பது நம் ஊகம். மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், நாலு நாள் கழித்து ஊகமே உண்மையாகி நிற்கும்.

அவர்களே கண்டுபிடித்துக்கொண்ட ஒட்டுவேலைகள் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். கிரைண்டர் நகராமல் இருக்க அடியில் போட்ட ஈரத்துணி, தண்ணீர் அளவுக்கு டிரம்மில் போட்ட கோடு, கல்லைத் தூக்க நெம்புகோலாக மாறிய தோசைத் திருப்பி. ஒவ்வொன்றும் பொருள் செய்தவர் விட்டுவிட்ட வேலை. படமெடுக்க அனுமதி கேளுங்கள். ஆள் முகம் வேண்டாம், கையும் பொருளும் போதும்.

கேள்வி கேட்பதில் ஒரு விதி: வழக்கத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "எப்பவும் எப்படீங்க ஆட்டுவீங்க?" என்றால் எப்படி ஆட்ட வேண்டுமோ அதைச் சொல்வார். "கடைசியா எப்பங்க ஆட்டுனீங்க? அன்னிக்கு மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றால் கரண்ட் போனது, பேத்தி அழுதது, மாவைப் பாதியில் விட்டது எல்லாம் வரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று கொங்கு நாட்டுக்கே உரியது. வீட்டுக்கு வந்தவர் மனம் கோணக் கூடாது என்பது இங்கே வளர்ப்பு. எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குதுங்க" என்ற பதில்தான் வரும். அது மரியாதை, பொருளைப் பற்றிய தகவல் அதில் எதுவும் இல்லை. கோவையின் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் செய்யப் போராடிய காலத்தில் இதே சுவரில் மோதினார். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினும் கருத்துப் படிவமும் கொடுத்திருந்தார். வாங்கப் போன நாளில் மூன்று பேர் உட்கார்ந்து எல்லோருடைய படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் அவர் படிவத்தை விட்டுவிட்டுப் பயன்படுத்திய நாப்கினையே கேட்டு வாங்கிப் பார்த்தார். பஞ்சு என்று எண்ணியிருந்தது மரக்கூழ் நார் என்று தெரிய அவருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. 2016-ல் பத்மஸ்ரீ வந்தது. வாய் சொல்வதை நம்பாமல் பொருளில் பதிந்த தடயத்தைத் தேடினாரே, அந்தத் துணிச்சலைத்தான் இந்தக் கட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டும். கிரைண்டரில் தடயம் என்றால் டிரம் விளிம்பின் நசுங்கல், குழவி அச்சில் காய்ந்த மாவு, கழுவப்படாத மூலை.

இரண்டாம் கட்டம்: பிரச்சினையை ஒரு வாக்கியமாக்குதல்

ஆறு வீட்டுக் குறிப்பிலிருந்தும் ஒரு துண்டுத் தாளுக்கு ஒரு செய்தியாக எழுதுங்கள். அறுபது எழுபது துண்டு சேரும். சுவரில் ஒட்டி, ஒத்தவற்றைப் பக்கத்தில் நகர்த்துங்கள். "மோட்டார்", "டிரம்", "மூடி" என்று பாகவாரியாகப் பிரிக்கக் கூடாது. அது பட்டறைக் கண். "மேடையிலிருந்து சிங்க்குக்குப் போகும் நேரம்", "கையில் மாவு ஒட்டியிருக்கும் நேரம்" என்று பயன்படுத்துபவரின் நேரவாரியாகப் பிரியுங்கள். கூட்டம் வேறு மாதிரி சேரும்.

பிறகு ஒரே வாக்கியம்: யார், எந்த நேரத்தில், எதைச் செய்ய முயல்கிறார், எது தடுக்கிறது, ஏன். "எடை குறைந்த டிரம் வேண்டும்" என்று எழுதினால் தோற்றோம்; அதற்குள் தீர்வு ஒளிந்திருக்கிறது. எடையைக் குறைக்கக் கல்லில் கை வைத்தால் உளுந்து பொங்காமல் போய், இட்லி கல்லாகும். "நல்ல கிரைண்டர் செய்வது எப்படி" என்பதும் ஆகாது, அதற்கு முடிவே கிடையாது. இப்படி எழுதலாம்: "தனியாக இருக்கும் அறுபது வயதைத் தாண்டியவர், மாவு வழித்த பிறகு டிரம்மைச் சிங்க்குக்கு எடுத்துப் போகத் திணறுகிறார், உளுந்து மாவு பட்ட கையில் வழவழப்பான விளிம்பு நிற்பதில்லை."

எடைப் பிரச்சினை என்று தொடங்கியது பிடிமானப் பிரச்சினையாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். செலவு வித்தியாசம் மிகப் பெரிது. வாக்கியத்தைப் பார்த்த வீடுகளில் இரண்டுக்காவது திரும்பப் படித்துக் காட்டி, "இதுல தப்பு எங்கீங்க?" என்று கேளுங்கள். தப்பு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். எங்கே என்று கேட்டால் தேடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் இந்த முறை தேவையில்லை. குறைந்த வோல்டேஜில் மோட்டார் கருகுகிறது, பெல்ட் நழுவுகிறது என்றால் காரணம் தெரிந்ததுதான். சுவரில் தாள் ஒட்டாமல் நேராகச் சரிசெய்யுங்கள்.

மூன்றாம் கட்டம்: யோசனை

கூடி உட்கார்ந்து சத்தமாக யோசிப்பதை அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் பரப்பினார். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, தனித்தனியாக யோசித்தவர்களின் யோசனைகளைக் கூட்டினால் குழுவைவிட அதிகம் வந்தது. நம் பட்டறையில் இதற்கு இன்னொரு காரணமும் சேரும்: ஓனர் வாய் திறந்தபின் ஹெல்பர் பையன் மறுத்துப் பேச மாட்டான்.

ஆகவே முதலில் பேச்சில்லாமல். ஆளுக்கு ஒரு ஏ4 தாள், மூன்று மடிப்பு மடித்தால் எட்டுக் கட்டம். எட்டு நிமிடத்தில் எட்டுப் படம். முதல் மூன்றும் எல்லோருக்கும் தோன்றியதாகவே இருக்கும். ஆறாவதிலிருந்துதான் புதிது வரும். அதனால்தான் எட்டு. படம் வரையத் தெரியாது என்பவருக்குக் கோடும் வட்டமும் போதும். டர்னர், வெல்டர், கணக்கெழுதுபவர், பேக்கிங் செய்யும் அக்கா எல்லோரும் உட்காரட்டும். அந்த அக்காதான் தினம் மாவு ஆட்டுகிறவர்.

தாள்களைப் பெயரில்லாமல் ஒட்டுங்கள். ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு. பிடித்த படத்தில் ஒட்டலாம். ஓனர் கடைசியாக ஒட்ட வேண்டும். முன்னால் நிற்கும் மூன்றை மூன்று கேள்வியால் சலியுங்கள்: இதை ஆள் விரும்புவாரா, நம் பட்டறையில் செய்ய முடியுமா, விலைக்குக் கட்டுப்படியாகுமா. இரண்டை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் அதைக் காப்பாற்றவே சோதனை நடக்கும்.

நான்காம் கட்டம்: மாதிரி

ஒரு மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். "கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?" என்பது கேள்வியானால், பழைய டிரம்மில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றி, ஜிஐ கம்பியில் வளையம் கட்டுங்கள்: விளிம்பை ஒட்டி ஒன்று, பாதி உயரத்தில் ஒன்று. இரண்டு மணி நேர வேலை. வெல்டிங் மெஷினை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். பாலிஷ் போட்ட மாதிரியைக் கண்டால் ஆளுக்குக் குறை சொல்ல மனம் வராது. செய்தவருக்கும் உடைக்க மனம் வராது. அட்டை, தெர்மாகோல், பிவிசி பைப், எம்-சீல் (ஒட்டுப் பசை) இவற்றோடு நிறுத்துங்கள். எம்-சீல் பட்ட மாதிரியில் ஆட்டிய மாவைச் சாப்பிடக் கூடாது. கரண்ட் இணைப்பும் கூடாது.

இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். எடைக்காக டிரம்மில் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் தளும்பும், மாவு தளும்பாது, கைக்குத் தெரிகிற பாரமே வேறு. ஓரத்தில் மாவு ஒட்டிய டிரம்மாக வேண்டுமென்றால் கெட்டியாக மைதாக் கூழ் காய்ச்சிப் பூசுங்கள். அடுத்தது, காய்ந்த கையால் தூக்கிப் பார்ப்பது. உளுந்து மாவைக் கையில் பூசிக்கொண்டுதான் தூக்க வேண்டும். காய்ந்த கையில் எல்லாக் கைப்பிடியும் நல்ல கைப்பிடிதான்.

கடைசி மாடலுக்கு இப்போதே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கைப்பிடி டிரம்மோடு சேரும் இடத்தில் விரல் நுழையாத சந்து இருந்தால் மாவு தங்கும், புளிக்கும், நாறும். முழு வெல்டிங், தேய்த்த மூலை. அல்லது பிரஷ் நுழையும் இடைவெளி. நடுவில் எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் கட்டம்: சோதனை

முதலில் பார்த்த ஆறு வீட்டை விட்டு, அதே மாதிரியான ஐந்து பேரை வேறு இடத்தில் தேடுங்கள். ஐந்து என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒருவர் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியும் என்று ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் மென்பொருள் சோதனைகளிலிருந்து கணக்கிட்டார்கள். அப்படியானால் ஐந்து பேருக்குள் சுமார் 84 சதவீதம் வந்துவிடும். அது கணினித் திரைக்கான எண். ஒரே வகை ஆட்களுக்குத்தான் பொருந்தும். மாவு விற்கிறவருக்கும் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு ஐந்து.

செய்தவர் சோதனைக்குப் போகக் கூடாது. அவர் முகம் வாடினால் பதில் மாறிவிடும். போகிறவர் விளக்கம் கொடுக்காமல், "மாவை வழிச்சுட்டு டிரம்மைக் கழுவி வைங்க" என்று மட்டும் சொல்லட்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு எண்ணட்டும்: எத்தனை முறை கை மாற்றினார், எத்தனை முறை நின்றார், எங்கே சிந்தியது. "அப்படிப் புடிக்கக் கூடாதுங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டாலும் அந்தச் சோதனை வீண். அவர் பிடித்த இடத்தில்தான் கைப்பிடி இருந்திருக்க வேண்டும்.

மரியாதைப் பதிலைத் தாண்ட, எப்போதும் இரண்டு மாதிரியைச் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றைக் கொடுத்தால் "நல்லா இருக்குதுங்க". இரண்டைக் கொடுத்தால் ஒன்றைக் குறை சொல்வது மரியாதைக் குறைவாகத் தோன்றாது. யாருக்கு எது முதலில் என்பதை மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரண்டாவதைத் தூக்கும்போது கை சோர்ந்திருக்கும்.

முடித்ததும் ஒரு மாதிரியை ஏழு நாள் அங்கேயே விட்டு வாருங்கள். இதற்கு மட்டும் வெல்டிங் செய்த, எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகில் ஆன, கழுவத் தகுந்த மாதிரி வேண்டும். எட்டாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். போன் செய்துவிட்டுப் போய், அது மேடையில் இருக்கிறதா அட்டாலியில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டாலியில் என்றால் மூன்றாம் கட்டத்துக்கு அல்ல, இரண்டாம் கட்டத்து வாக்கியத்துக்கே திரும்புங்கள். தொடர்ந்து மூன்று பேரிடம் புதுக் குறை எதுவும் வராவிட்டால் டை (உற்பத்திக்கான அச்சு) போடத் துணியலாம்.

திருப்பூரில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளுக்கோ, ஈரோட்டில் மஞ்சள் மெருகேற்றும் இடத்துக்கோ, பொள்ளாச்சியில் தேங்காய் உரிப்பவரிடமோ இதே முறையைக் கொண்டு போகிறவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே பலருக்குப் பீஸ் ரேட் கூலி, அதாவது செய்த எண்ணிக்கைக்குத்தான் காசு. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் அவர் சம்பளத்தில் பிடித்தம். எத்தனை பீஸ் விட்டுப்போகும் என்று முதலிலேயே கேட்டு, அந்தப் பணத்தைப் பேச்சைத் தொடங்கும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். பகல் ஷிஃப்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதே மேசையில் வெளிச்சமும் கண்ணும் வேறு.