ஒரே நாளில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள்: டிராக்கில் நியாயமாக ஒப்பிடும் முறை

போர்ஷே 718 கேமன் ஜிடி4 ஒன்று, பிஎம்டபிள்யூ எம்2 ஒன்று. இரண்டையும் இருங்காட்டுக்கோட்டை மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் நாலு லேப் விரட்டி, எது வேகம் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் டயருக்கோ வெயிலுக்கோ ஓட்டியவருக்கோ உரியது. இந்த மூன்றையும் கழித்த பிறகுதான் காரின் குணம் தெரியும். 3.717 கிமீ நீளமும் 12 திருப்பங்களும் உள்ள அந்த டிராக்கில், ஒரு நாளுக்குள் அதைச் செய்துவிட முடியும்.

இந்த ஜோடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஜிடி4-இல் இன்ஜின் நடுவில். டர்போ இல்லாத 4 லிட்டர், 420 குதிரைசக்தி, மேனுவல் கியருடன் எடை 1,420 கிலோ. ஜி87 தலைமுறை எம்2-வில் இன்ஜின் முன்னால். இரட்டை டர்போ 3 லிட்டர், அறிமுகமானபோது 460 குதிரைசக்தி, எடை சுமார் 1,700 கிலோ. சக்தி ஒரு பக்கம், எடை மறுபக்கம் என்று இருக்கும்போது லேப் டைம் என்ற ஒற்றை எண் எதையும் விளக்காது.

கிளம்பும் முன்

முதல் வேலை டயர். ஜிடி4 பெரும்பாலும் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போட்டிருக்கும். எம்2 பைலட் ஸ்போர்ட் 4எஸ்-இல் வரும். கப் 2 டிராக்கை மனத்தில் வைத்துச் செய்த டயர், 4எஸ் சாலை டயர். அப்படியே ஓட்டினால் நீங்கள் அளப்பது மிஷ்லினின் இரண்டு டயர்களைத்தான். இரண்டு காருக்கும் ஒரே மாடல் டயர் போடுங்கள். அளவு வேறாக இருக்கலாம், அது அந்தந்த காரின் வடிவமைப்பைச் சேர்ந்தது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒன்று புதுசு, மற்றது மூன்று வருடம் பழசு என்றால் ஒப்பீடு அங்கேயே செத்துவிடும்.

அடுத்தது பிரேக் ஆயில். டாட் 4 ஆயிலுக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பின் 155. இரண்டு வருடம் மாற்றாத ஆயிலோடு டிராக்கில் இறங்கினால் நாலாவது லேப்பிலேயே பெடல் பஞ்சு போல இறங்கலாம். உள்ளே ஆவி உண்டாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸிங் ஆயிலுக்குக் கொதிநிலை 312 டிகிரி. இரண்டு காரிலும் ஒரே ஆயிலை மாற்றி, காற்று நீக்கிவிட்டு வாருங்கள். பிரேக் பேட் பாதிக்கு மேல் தடிமன் இருக்க வேண்டும்.

பெட்ரோலும் ஒன்றாக இருக்கட்டும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டால் நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதை, தவிர்க்க இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு இக்னிஷன் நேரத்தைப் பின்தள்ளும். சக்தி குறையும், அதுவும் இரண்டு காரிலும் ஒரே அளவில் குறையாது. 2020 டிசம்பரில் வந்த, இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் 95 ஆக்டேன், ஒரே பங்க்கில். செஷன் தொடங்கும்போது இரண்டிலும் ஏறத்தாழ 30 லிட்டர் இருக்கட்டும். 40 லிட்டர் வித்தியாசம் என்றால் 30 கிலோ வித்தியாசம். கால் டாங்க்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நீண்ட திருப்பத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுத்தால் இன்ஜின் விக்கும்.

வழக்கமான கார் இன்சூரன்ஸ் ரேஸையும் வேகச் சோதனையையும் விலக்கிவைத்திருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். டிராக் டேயில், அதாவது சொந்த கார்களை டிராக்கில் ஓட்டவிடும் நாளில், டைமிங் எடுக்க அனுமதி உண்டா என்பதையும் ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஓட்டும் வரிசை

நாள் ஓட ஓட மூன்று விஷயங்கள் மாறுகின்றன: வெயில் ஏறுகிறது, டிராக்கில் ரப்பர் படிகிறது, ஓட்டுநருக்குப் பழக்கம் கூடுகிறது. காலையில் ஒரு காரையும் மதியம் மற்றதையும் ஓட்டினால் இந்த மூன்றும் ஒன்றின் கணக்கில் போய்ச் சேரும். காற்றின் வெப்பம் 20 டிகிரியிலிருந்து 35-க்கு ஏறினாலே அடர்த்தி ஐந்து சதவீதம் குறைகிறது. டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும்.

இதற்கு மருந்து வரிசையை மாற்றுவதுதான். ஜிடி4, எம்2, எம்2, ஜிடி4. ஒவ்வொரு செஷனுக்கும் டிராக் 0.2 நொடி மெதுவாகிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிடி4-இன் சராசரியில் ஏறும் இழப்பும் எம்2-வின் சராசரியில் ஏறும் இழப்பும் 0.3 நொடி, ஒன்றையொன்று தட்டிவிடும். செஷன்களுக்கு இடையே இடைவெளி சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

இரண்டு காரையும் ஒரே ஆள் ஓட்ட வேண்டும். பழக்கமில்லாத காரில் முதலில் ஒரு முழு செஷன் கொடுத்து, அந்த எண்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு செஷனிலும் சூடேற்ற ஒரு அவுட் லேப், மூன்று வேக லேப், ஆற விட ஒரு கூல்-டவுன் லேப். உயிரைக் கொடுத்து ஓட்ட வேண்டாம். திரும்பத் திரும்ப அதே மாதிரி ஓட்டக்கூடிய வேகம் போதும், அதுதான் அளக்கத் தகுந்த வேகம். எலெக்ட்ரானிக் உதவியிலும் சமநிலை தேவை: ஒன்றில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மற்றதை எம் டைனமிக் மோடில் (உதவியை முழுதாக அணைக்காமல் தளர்த்தி மட்டும் வைக்கும் பிஎம்டபிள்யூ அமைப்பு) ஓட்டினால் கணக்கு கோணலாகிவிடும்.

கார்களை நிறுத்தும் பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

டயர் பிரஷரை டிராக்கிலிருந்து வந்த ஒரு நிமிடத்துக்குள் பாருங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடும், ஆகவே குளிர்ந்த நிலையில் வைத்த எண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. சூடான நிலையில் நான்கு டயரும் உங்கள் இலக்கில் நிற்க வேண்டும். கப் 2 போன்ற டயருக்கு 30 முதல் 34 பி.எஸ்.ஐ.க்குள் தொடங்கிப் பாருங்கள். ஊசி முனையுள்ள டயர் தெர்மாமீட்டர் இருந்தால் உட்புறம், நடு, வெளிப்புறம் என மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். நடுவில் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். வெளி ஓரம்தான் அதிகச் சூடு என்றால் கேம்பர், அதாவது சக்கரத்தின் உட்பக்கச் சாய்வு, போதவில்லை, அந்த கார் தன் பிடியை முழுதாகக் காட்டவில்லை. இந்த மூன்று எண்களைக் குறிக்காத ஒப்பீட்டை நம்ப வேண்டாம்.

எண்களைப் படிப்பது

மொபைலின் ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான் இடம் குறிக்கும். 200 கிமீ வேகத்தில் கார் ஒரு நொடியில் 55 மீட்டர் போய்விடும். பிரேக் எங்கே பிடித்தீர்கள் என்பது அதில் தெரியவே தெரியாது. நொடிக்கு 10 முறை குறிக்கும் 10 ஹெர்ட்ஸ் கருவியில் 5.5 மீட்டர் இடைவெளி, ரேஸ்பாக்ஸ் போன்ற 25 ஹெர்ட்ஸ் கருவியில் 2.2 மீட்டர். ஒரே கருவியை இரண்டு காரிலும் மாற்றி மாட்டுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஒரே காரின் இரண்டு செஷன்களுக்கு இடையிலான வித்தியாசத்தை. வெயிலின் பாதிப்பைக் கழித்த பிறகும் ஜிடி4-இன் இரண்டு செஷன்கள் தமக்குள் 0.6 நொடி விலகியிருந்தால், இரண்டு கார்களுக்கிடையே 0.4 நொடி இருப்பதற்கு அர்த்தமே இல்லை. இதைப் பார்க்காமல்தான் நட்புகளில் பாதிச் சண்டை நடக்கிறது.

பிறகு இரண்டு காரின் வேகக் கோடுகளையும் தூரத்தை அடிப்படையாக வைத்து ஒன்றன்மேல் ஒன்று போடுங்கள். நேரத்தை அடிப்படையாக வைத்தால் கோடுகள் விலகிக்கொண்டே போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் மிகக் குறைந்த வேகத்தைக் குறியுங்கள். 80-க்கும் 82-க்கும் வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்த 2 கிமீ என்பது ஐந்து சதவீதம் கூடுதல் பிடி.

நேர் பாதையின் கடைசி வேகத்தை வைத்து இன்ஜினை எடைபோடாதீர்கள், அதில் பாதி முந்தைய திருப்பத்திலிருந்து எவ்வளவு வேகமாக வெளிவந்தீர்கள் என்பதில் இருக்கிறது. 120-லிருந்து 180-க்குப் போக எடுத்த நேரத்தைப் பாருங்கள். எம்2-வில் அந்த நேரம் முதல் வேக லேப்பைவிட மூன்றாவதில் நீண்டிருந்தால், டர்போவுக்குப் போகும் காற்று சூடாகி இசியு சக்தியைக் குறைக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஜிடி4-இல் வேறொரு குறை தெரியும். அதன் கியர்கள் மிக நீளம். இரண்டாவது கியரே 130 கிமீயைத் தாண்டி இழுக்கும். மெதுவான திருப்பத்தில் மூன்றாவதில் வந்தால் ஆர்பிஎம் இறங்கிப்போய் இழுவை வராது, இரண்டாவதற்கு இறக்கினால் நேரம் போகும். எம்2-வின் டர்போ இழுவை அங்கேதான் லாபம் பார்க்கும்.

பிரேக்கில் எடை பேசும். ஒரே வேகத்திலிருந்து நிறுத்த எம்2-வின் டிஸ்க்குகள் ஏறத்தாழ 20 சதவீதம் அதிக ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். முதல் லேப்பில் இது தெரியாது, டயரின் பிடி இருக்கும்வரை இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். மூன்றாவது லேப்பில் பிரேக் பிடிக்கும் இடம் எத்தனை மீட்டர் முன்னால் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் கார்பன் செராமிக் டிஸ்க் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை நிறுத்தத்தில் அதனால் லாபம் கிடையாது, திரும்பத் திரும்ப நிறுத்துவதில்தான் உண்டு.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

சூட்டில் காற்றைக் குறைத்த டயர், ஆறியதும் நெடுஞ்சாலைக்கு ஆபத்தான அளவு இறங்கியிருக்கும். ஆற விட்டு, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குத் திரும்ப ஏற்றுங்கள். சக்கர போல்ட்களையும் ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள்: ஜிடி4-க்கு 160 நியூட்டன் மீட்டர், எம்2-வுக்கு 140.