ஐ.ஈ.எல்.டி.எஸ். கட்டுரையில் இணைப்புச் சொற்கள்: வினையை எண்ணி ஒன்றைக் கழியுங்கள்

ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வின் இரண்டாம் பணியான கட்டுரைக்கு 40 நிமிடங்களில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். புள்ளிகள் 4 அளவுகோல்களில் சமமாகப் பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் இலக்கணம், கருத்துத் தொடர்ச்சி ஆகிய இரண்டும் இணைப்புச் சொற்களோடு நேரடித் தொடர்புடையவை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து டியூஷன் வகுப்புகளில் நீண்ட இணைப்புச் சொற்பட்டியலை மனனம் செய்துவிட்டு வரும் பிள்ளைகள்கூட, வாக்கியம் எழுதும்போது தடுமாறுகிறார்கள். பட்டியல் பொருளைத்தான் சொல்லும். ஒரு வாக்கியத்தில் எத்தனை இணைப்புச் சொற்கள் வரலாம் என்பதைச் சொல்லாது.

எழுவாய், பயனிலை இரண்டையும் அடையாளம் காணத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். உதாரணங்கள் தமிழ் எழுத்தில் உள்ளன. கொப்பியில் அவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

படி 1: முற்றுவினைகளின் கீழே சிவப்புக் கோடு இடுங்கள். ‘டு’ என்பதை அடுத்து வரும் வினையையும், துணைவினை இல்லாமல் தனித்து நிற்கும் ‘இங்’ வடிவத்தையும் எண்ண வேண்டாம். ‘இஸ் கமிங்’ போன்றவை சேர்ந்து ஒன்றாகும்.

படி 2: எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழியுங்கள், வரும் விடைதான் அந்த வாக்கியத்துக்குத் தேவையான இணைப்புச் சொற்களின் எண்ணிக்கை. ‘த ட்ரெய்ன் லெஃப்ட் நானுஓயா பிஃபோர் வீ ரீச்ட் த ஸ்டேஷன்’ என்பதில் ‘லெஃப்ட்’, ‘ரீச்ட்’ என இரண்டு வினைகள், ‘பிஃபோர்’ என ஓர் இணைப்பு, கணக்குச் சரி. ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் த விமன் ப்ளக்ட் டீ’ என்பதிலோ இரண்டு வினைகளுக்கு இரண்டு இணைப்புகள் இருப்பதால் ஒன்றை வெட்ட வேண்டும். எதை வெட்டினாலும் வாக்கியம் நிற்கும். நம்மவர்களிடம் இந்தப் பிழை வேரோடியிருப்பதற்குக் காரணம் உண்டு. ‘மழை பெய்தாலும்’ என்னும்போது தமிழில் இணைப்பு வினையின் வாலில், அடுத்த பகுதி தொடங்கும் எல்லையிலேயே அமர்கிறது. ஆங்கிலம் அதை வாக்கியத்தின் தலையிலேயே வைத்து முடித்துவிட, எல்லை வெறுமையாகத் தோன்றுவதால் கை தானாக ‘பட்’ என்று எழுதிவிடுகிறது. ‘பிகோஸ்’ என்று தொடங்கி நடுவில் ‘ஸோ’ போடுவதும் இதே கதைதான். மறுபுறம், ‘த ரோட் வாஸ் ப்ளொக்ட், வீ வோக்ட் டு டவுன்’ என்று வெறும் காற்புள்ளியால் ஒட்டினால் கணக்கில் ஒன்று குறையும். காற்புள்ளி இணைப்புச் சொல் அன்று.

படி 3: ‘ஹவ்எவர்’ என்ற சொல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது, ஏனெனில் பெரும்பாலான பட்டியல்கள் ‘பட்’, ‘ஹவ்எவர்’ இரண்டையும் ஒரே வரியில் அடுக்கி, இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிடுகின்றன. ‘ஹவ்எவர்’ ஒரு வினையடை. சொல்லை எழுவாய்க்குப் பின்னே நகர்த்திப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: ‘ஷீ, ஹவ்எவர், வென்ட்’ என்பது சரியான ஆங்கிலம், ‘ஷீ, பட், வென்ட்’ என்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். நகரும் சொல்லால் இரு வாக்கியங்களைப் பிணைக்க முடியாது. ஆகவே ‘த ஸ்கூல் வாஸ் ஃபார்’ என்பதன் பின்னர் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இட்டு, ‘ஹவ்எவர்’ எழுதி, அதன் பின்னரே காற்புள்ளி இட வேண்டும். ‘தெயாஃபோர்’, ‘மோர்ஓவர்’ ஆகியவற்றுக்கும் இதே விதி.

படி 4: இணைப்பை அடுத்து வருவது வாக்கியமா, பெயரா என்று பாருங்கள். ‘ஆல்தோ’, ‘பிகோஸ்’ ஆகியவற்றுக்குப் பின் எழுவாயும் வினையும் வரும். ‘டிஸ்பைட்’, ‘பிகோஸ் ஒஃப்’ ஆகியவற்றுக்குப் பின் பெயர் வரும். ‘டிஸ்பைட் த மிஸ்ட்’ போதும், இடையில் ‘ஒஃப்’ வேண்டாம். ‘அன்லெஸ்’ என்பதற்குள்ளேயே எதிர்மறை இருப்பதால், ‘வராவிட்டால்’ என்று சொல்ல நினைத்து அதனுடன் ‘நொட்’ சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

பயிற்சிக்கு இலக்கணம் திருத்தும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. கணினியில் எழுதும் தேர்விலும் எழுத்துப்பிழை திருத்தும் வசதி கிடையாது. இரண்டு நிறப் பேனாக்களும் ஒற்றைக் கோட்டுக் கொப்பியும், மாணவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதியும் போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ என்று தொடங்கும் பழக்கத்தையும் கைவிடுங்கள். இணைப்புகளை மிதமிஞ்சிப் பயன்படுத்துவது 5ஆம் பேண்ட் என்னும் மதிப்பெண் நிலையின் அடையாளமாகவே மதிப்பீட்டு விளக்கத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது.

பிற்சேர்க்கை: பண்டாரவளை வாசகி ஒருவர், ‘ஐ திங்க் ஹீ இஸ் ரைட்’ என்பதில் இரண்டு வினைகள் இருந்தும் இணைப்பு இல்லையே என்று கேட்டிருந்தார். அங்கே ‘தெட்’ மறைந்து நிற்கிறது. அதையும் ஒன்றாகக் கொள்ளுங்கள். ‘ஹூ’, ‘விச்’ போன்றவையும் கணக்கில் சேரும். ‘நொட் ஒன்லி – பட் ஓல்ஸோ’ போன்ற இரட்டைகளை ஒன்றாகவே எண்ணுங்கள். ‘நைதர் – நோர்’ வரும்போது வினை, தனக்கு அருகில் நிற்கும் எழுவாயைப் பின்பற்றும்: ‘நைதர் த ட்ரைவர் நோர் த பெஸஞ்சர்ஸ் வேர் ஹர்ட்.’