எத்தனை மில்லிமீட்டர் அமுங்க வேண்டும்? என்ஜின் ரப்பர் மவுண்ட் வடிவமைக்க முதல் பாடம்

வண்டி சிக்னலில் நிற்கிறது. ஓடும்போது தெரியாத நடுக்கம் அப்போதுதான் ஸ்டியரிங்கில் ஏறுகிறது. பின்னால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடிக்கிறது. பட்டறையில் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "மவுண்டிங் ரப்பர் போயிடுச்சு சார், நல்லா கெட்டியான ரப்பரா போட்டுடலாம்." கோளாறு அந்தக் 'கெட்டி'யில்தான் ஆரம்பிக்கிறது. மவுண்ட் (என்ஜினுக்கும், சேஸிஸ் எனும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே வைக்கும் ரப்பர் தாங்கி) வடிவமைக்க உட்காரும்போது நான் முதலில் கேட்பது, என்ஜினை அதன் மேல் வைத்தால் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்பதைத்தான். அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டே போவோம்.

கணக்குக்கு ஒரு வண்டி வேண்டும். நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின், கியர்பாக்ஸோடு சேர்த்து 240 கிலோ, நான்கு மவுண்ட், ஆளுக்கு 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் எடை இப்படிச் சமமாக இறங்காது; கியர்பாக்ஸ் பக்கம் ஒரு அளவு, முன்பக்கம் ஒரு அளவு என்றுதான் இருக்கும். உங்கள் வண்டிக்குச் செய்யும்போது நான்கு முனையையும் தனித்தனியாக எடை பார்த்துவிடுங்கள்.

படி 1: எது ஆட்டுகிறது?

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஸ்லோவில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடும்போது) 800 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், 800 ÷ 60 × 2 = நொடிக்கு 26.7 தடவை, அதாவது 26.7 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டருக்கு இதே வேகத்தில் 20, இரண்டு சிலிண்டருக்கு 13.3 தான். எண் குறையக் குறைய நம் வேலை கடினமாகும். இரண்டு சிலிண்டர் மினி லாரியின் குலுக்கலை ரப்பரால் அடக்குவது ஏன் பெரும்பாடு என்று இப்போது புரிந்திருக்கும்.

ஸ்லோவில்தான் இந்த எண் மிகக் குறைவு. அங்கே சமாளித்துவிட்டால் வேகம் கூடும்போது மவுண்ட் தானாகவே இன்னும் நன்றாக வேலை செய்யும்.

படி 2: இலக்கு

ரப்பர் மேல் உட்கார்ந்த என்ஜினுக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் அது தன் தாளத்தில்தானே ஆடும், அதுபோல. ஆட்டும் அதிர்வெண் இந்த இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் அதிர்வு குறையத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் ரப்பர் அதிர்வைக் குறைக்காது, கூட்டிவிடும். இதைப் பலர் நம்புவதில்லை.

நாம் 10 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். 26.7 ÷ 10 = 2.67 மடங்கு. இந்த நிலையில் வெடிப்பின் அதிர்வில் ஏறத்தாழ 16 சதவீதம்தான் சேஸிஸுக்கு இறங்கும். இன்னும் இறக்கி 5 ஹெர்ட்ஸ் ஆக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் மேடு பள்ளத்தில் என்ஜின் குதிக்கும், கியர் லீவர் கையோடு ஆடும், சைலன்சர் குழாய் விரிசல் விடும்.

படி 3: அமுங்கல்

சூத்திரம் எளிது. 15.8 ஐ, அமுங்கலின் (மி.மீ.) வர்க்கமூலத்தால் வகுத்தால் இயல்பு அதிர்வெண் வரும். ஆனால் ஆடும்போது ரப்பர் நின்ற நிலையைவிடக் கெட்டியாக நடந்துகொள்ளும். மென்மையான இயற்கை ரப்பருக்கு இந்தப் பெருக்கம் சுமார் 1.3 என்று எடுக்கலாம். அதையும் சேர்த்துப் பார்த்தால் 10 ஹெர்ட்ஸுக்கு 3.2 மி.மீ. அமுங்க வேண்டும். 60 கிலோ என்பது 589 நியூட்டன். எனவே ஒரு மவுண்டின் விறைப்பு (ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை) மி.மீ.க்கு 182 நியூட்டன் அளவில் இருக்க வேண்டும்.

இப்போது 'கெட்டி ரப்பரை' சோதித்துப் பார்ப்போம். 50 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன், 70 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் கெட்டி) கடினம் உள்ள, தகட்டோடு ஒட்டிய ரப்பர் பேடு. 60 கிலோவுக்கு இது 0.15 மி.மீ. அளவுதான் அமுங்கும். இயல்பு அதிர்வெண் 40 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். ஆட்டுவதோ 26.7. காசு கொடுத்து அதிர்வை வளர்த்ததுதான் மிச்சம். பழைய டயரை வெட்டி வைப்பதும் இதே கதைதான். உள்ளே நூலும் கம்பியும் வேறு.

படி 4: வட்டத்தின் அளவு

மேலும் கீழும் இரும்புத் தகடு ஒட்டிய உருளை ரப்பரை எடுப்போம். விட்டம் 50 மி.மீ. என்றால் பரப்பு 1963 சதுர மி.மீ. அழுத்தம் சதுர மி.மீ.க்கு 0.3 நியூட்டன், ரப்பருக்கு இது நிம்மதியான சுமை.

ரப்பரின் பருமன் மாறாது. அமுக்கினால் அது பக்கவாட்டில் பிதுங்கியே ஆக வேண்டும். உயரம் குறைவாக இருந்தால் பிதுங்க இடமில்லை, அதனால் விறைக்கும். இதை அளக்க வடிவக் காரணி: விட்டம் ÷ (4 × உயரம்). 45 ஷோர் இயற்கை ரப்பருக்கு அமுக்க மட்டு (அமுக்கத்துக்கு ரப்பர் காட்டும் எதிர்ப்பு, சதுர மி.மீ.க்கு நியூட்டனில்) = 1.8 × (1 + 1.6 × வடிவக் காரணியின் வர்க்கம்). விறைப்பு என்பது அந்த மட்டு × பரப்பு ÷ உயரம்.

25 மி.மீ. உயரம் போட்டுப் பார்த்தால் விறைப்பு 198. கொஞ்சம் அதிகம். 27 போட்டால் 176. சரி, 26 இல் நிறுத்தினால் 186 வருகிறது. அமுங்கல் 3.16 மி.மீ., உயரத்தில் 12 சதவீதம். 15 க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி.

ரப்பர் கடை 45 என்று சொல்லி 50 அனுப்புவது சகஜம். வரைபடங்களிலேயே ±5 விடுவதுதான் வழக்கம். 50 வந்தால் இதே அளவுக்கு விறைப்பு 222 ஆகி, அதிர்வெண் 11 ஹெர்ட்ஸுக்குப் போகும், பரவாயில்லை. 60 வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

படி 5: பக்கவாட்டும் உருளலும்

புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். ஸ்லோவில் என்ஜின் மேலும் கீழும் குதிப்பதைவிட, கிராங்க் அச்சைச் சுற்றி உருள்வதுதான் அதிகம். வலது, இடது மவுண்டுகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் உருளும் அதிர்வெண்ணும் பாதியாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பிராக்கெட் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

1931 இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளைமவுத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்று கொண்டுவந்தது இந்த உருளலைக் கணக்கில் எடுத்துத்தான். முன் மவுண்டை உயரத்திலும் பின் மவுண்டைத் தாழ்வாகவும் வைத்து, இரண்டையும் இணைக்கும் கோடு என்ஜினின் எடை மையம் வழியே போகும்படி செய்தார்கள். அதுவரை நாலு சிலிண்டர் என்றாலே நடுக்கம் என்ற பேச்சு இருந்தது. சிட்ரோயென் அந்த உரிமையை வாங்கி, தன் கார்களில் அன்னப்பறவைச் சின்னம் போட்டு விளம்பரம் செய்தது.

நம் உருளைக்குப் பக்கவாட்டு விறைப்பு மி.மீ.க்கு 41 நியூட்டன்தான். நேர் அமுக்கத்தில் கால்பங்குக்கும் குறைவு. வளைவில் என்ஜின் சாய்ந்துவிடும். அதனால்தான் பல லாரிகளில் மவுண்டை 45 பாகை சாய்த்து, எதிரெதிராக வைத்திருப்பார்கள். சாய்த்தால் நேர் விறைப்பு மாறும். எனவே 4 ஆம் படிக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

படி 6: எந்த ரப்பர்?

எண்ணெய் படாத இடத்துக்கு இயற்கை ரப்பர்தான் என் தேர்வு. டீசல் கசிந்தால் அது ஊறிப் புடைத்துவிடும். அங்கே நைட்ரைல் அல்லது நியோபிரீன் எனும் செயற்கை ரப்பர். தகட்டோடு ரப்பர் சேரும் விளிம்பைக் கூராக விடாமல் சின்ன வளைவு கொடுங்கள். கிழிசல் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் ஆரம்பிக்கும்.

படி 7: மாட்டுவது

நான் முதன்முதலில் செய்த மவுண்ட் கணக்கில் அருமையாக வந்தது. வண்டியில் மாட்டியதும் நடுக்கம் துளியும் குறையவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் பார்த்தேன். ரப்பரின் நடுவே போன போல்ட், என்ஜின் பிராக்கெட்டையும் சேஸிஸையும் நேராக இறுக்கிப் பிடித்திருந்தது. இரும்பு வழியே அதிர்வு ஓடிக்கொண்டிருக்க, ரப்பர் சும்மா உட்கார்ந்திருக்கிறது! போல்ட் தலைக்குக் கீழேயும் ரப்பர் வாஷர் வேண்டும், துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். சேஸிஸ் பக்க பிராக்கெட் ரப்பரைவிடப் பத்து மடங்காவது விறைப்பாக இருக்கட்டும். மெல்லிய தகட்டில் வெல்டு செய்தால் அந்தத் தகடே இன்னொரு ஸ்பிரிங் ஆகிவிடும்.

படி 8: சோதனை

முதலில் ஸ்கேல். என்ஜினை இறக்குவதற்கு முன்னும் பின்னும் உயரத்தை அளந்து, 3 மி.மீ. அருகே அமுங்கியதா என்று பாருங்கள். பிறகு போன். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைஃபாக்ஸ்' போன்ற செயலியைத் திறந்து, போனைச் சீட் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டி, ஸ்லோவில் 26 முதல் 27 ஹெர்ட்ஸ் அருகே எழும் முனையைப் பழைய மவுண்டோடும் புதிய மவுண்டோடும் ஒப்பிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் ஒரு குலுக்கல் வரும். என்ஜின் 300 ஆர்பிஎம்மைக் கடக்கும்போது நம் 10 ஹெர்ட்ஸைத் தொட்டுப் போகிறது, அவ்வளவுதான். ரப்பர் முதல் சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரு மாதம் கழித்து அதே ஸ்கேலோடு மறுபடி படுத்து அளந்து, ஃபேன் கவரில் இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.