விடுமுறைக்கு வரும் குடும்பத்தோடு சிவனொளிபாத மலை ஏறுவது எப்படி

இலங்கையின் சிவனொளிபாத மலையில் டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாளில்) தொடங்கும் யாத்திரைக் காலம் மே மாத வெசாக் போயாவோடு முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே இதை மனதில் வைக்க வேண்டும். கனடாவிலும் இலண்டனிலும் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான் வருகிறது. அப்போது இங்கே தென்மேற்குப் பருவமழை. பாதை விளக்குகள் எரியாது, தேநீர்க் கடைகள் மூடியிருக்கும், உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். நேர்த்திக்கடன் இருக்கிறதென்று அந்த மாதங்களில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். நத்தார் விடுமுறையோ ஈஸ்டர் விடுமுறையோ கிடைக்கும் வருடம்வரை நேர்த்தி காத்திருக்கும்.

நாளைத் தெரிவு செய்யும்போது போயாவையும் சனி, ஞாயிறையும் தவிருங்கள். அந்த இரவுகளில் கடைசிப் படிகளில் கூட்டம் மணிக்கணக்கில் நகராது. வியர்த்த உடம்போடு குளிரில் அசையாமல் நிற்கும் பிள்ளைதான் முதலில் நடுங்கும். செவ்வாய், புதன் நல்லது.

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக, மலையேறத் தொடங்கும் இடமான நல்லதண்ணி முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். முழுவதும் வளைவுதான். பழக்கமில்லாத பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். புறப்பட அரைமணி நேரம் முன்பு மாத்திரை கொடுத்து, பாணோ பிஸ்கட்டோ மட்டும் சாப்பிட வைத்து, வேனில் முன்பக்கம் உட்கார வையுங்கள். கையில் ஒரு தேசிக்காய் இருக்கட்டும். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வந்ததும் நிறுத்திக் காட்டுங்கள்: பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள்ளேதான் இருக்கிறது, தண்ணீர் வற்றும் காலத்தில் கோவில் இடிபாடு மேலே தெரியும்.

விமானத்தால் இறங்கிய மறுநாளே மலையேற வேண்டாம். கால் வீக்கம் வடிய இரண்டு இரவாவது தோட்டத்து வீட்டில் தங்குங்கள். அந்த இரண்டு நாளும் கொதித்தாறிய தண்ணீரையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வயிறு கெட்டால் பயணமே போய்விடும்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறுவது ஏறத்தாழ ஆயிரம் மீற்றர், படிகள் சுமார் 5,500, ஒரு வழித் தூரம் ஏழு கிலோமீற்றர் அளவு. நல்ல கால் உள்ளவருக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயது அம்மாவும் கூட வந்தால் ஆறு மணி நேரம் வையுங்கள். குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் முன்னே போகட்டும், மற்றவர்கள் அவருக்குப் பின்னால். வேகமானவர் முன்னே ஓடிக் காத்திருந்தால் அவர் உடம்பு ஆறிக் குளிர் பிடிக்கும். பின்னால் வருபவரோ ஓய்வே எடுக்காமல் எட்டிப்பிடிக்கப் பார்ப்பார். குடும்பங்கள் பாதிவழியில் திரும்ப இதுவும் ஒரு காரணம்.

சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் இரவு பத்து மணிக்குக் கிளம்பலாம். ஆனால் மூன்று மணிக்கே உச்சிக்குப் போய்விடாதீர்கள், அங்கே ஒதுங்க இடம் குறைவு. நேரம் மிஞ்சினால் கீழே உள்ள கடைகளிலேயே இஞ்சிப் பிளேன்டீ குடித்து உட்காருங்கள். வயதானவர்கள் இருந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறத் தொடங்கி, வெளிச்சத்திலேயே போய், மாலை இருட்டுமுன் இறங்கிவிடுவதே எங்கள் பரிந்துரை. பாதத்தைத் தொழுவதுதான் நேர்த்தி. உதயமும், மேகத்தின்மேல் விழும் முக்கோண நிழலும் கிடைத்தால் பாக்கியம்.

உச்சியில் விடியற்காலைக் குளிர் 10 பாகைக்கும் கீழே போகலாம். ஆளுக்கொரு மாற்று பனியன் எடுத்துக்கொள்ளுங்கள். ஈர பனியனை உச்சிக்குச் சற்று முன்பு கழற்றி உலர்ந்ததைப் போட்டு, அதன்மேல் சுவெட்டர், காதை மூடக் குல்லா. மேலே செருப்பு, சப்பாத்து கழற்ற வேண்டும், கல் பனிக்கட்டிபோல் இருக்கும். தடித்த காலுறையும் சப்பாத்தைப் போட ஒரு துணிப்பையும் வேண்டும். பொலித்தீன் பைகளுக்குத் தடை, சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். டோர்ச், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) இரண்டு பக்கெட், கழிப்பறைக்கும் தேநீருக்கும் சில்லறை. சீனி நோய் உள்ளவர் மணிக்கொரு தடவை ஏதாவது சாப்பிட வேண்டும். சீனி இறங்குவதையும் களைப்பையும் பிரித்தறிவது கடினம். தலைசுற்றி, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே இனிப்புக் கொடுத்து உட்கார வையுங்கள். நெஞ்சு வலித்தால் அதற்குமேல் ஒரு படியும் வேண்டாம்.

வழியிலுள்ள சீத கங்குலை ஓடையில் முகம், கை, கால் கழுவிவிட்டுப் போவது வழக்கம். இந்திகட்டுபானை என்ற இடத்தில் முதல்முறை வருபவர்கள் ஊசியில் நூல் கோத்து, நூலை வழியோரம் விட்டுச் செல்வார்கள். பிள்ளைகள் கையாலேயே கோர்க்கட்டும். உச்சியில் மணி இருக்கிறது, எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்கலாம். பாதம் உள்ள சன்னிதியில் படம் எடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளை கட்டாயம் கேட்கும்: இது யாருடைய பாதம்? ஏறுவதற்கு முதல்நாள் இரவே சொல்லி வையுங்கள். நமக்குச் சிவனுடையது, பௌத்தருக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபியுடையது, கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவுடையது என்பர். வழியில் சிங்களப் பாட்டி ஒருவர் "கருணாவாய்" என்று வாழ்த்தினால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். யார் சொல்வது சரி என்று நடுவழியில் வாதாட இடம் கொடுக்காதீர்கள். எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கட்டும்.

இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. முதல்நாளே கால்நகங்களை ஒட்ட வெட்டுங்கள், இல்லாவிட்டால் சப்பாத்து முனையில் இடித்து நகம் கறுத்துவிடும். இறங்கத் தொடங்கும்போது சப்பாத்துக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். நேராக இறங்காமல் படியில் சற்றுச் சரிந்து இறங்குங்கள், பெரியவர் கையில் ஒரு கம்பு, முன்னால் ஓர் ஆள். வீட்டில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைத்து, சித்தாலேப (மூலிகைத் தைலம்) தடவிப் படுக்க வேண்டியதுதான். அடுத்த இரண்டு நாளும் மாடிப்படி இறங்கவே வலிக்கும், அதனால் கட்டுநாயக்க விமான நிலையப் பயணத்தை மூன்றாம் நாளுக்குப் பிறகு வையுங்கள்.