ஸ்விட்ச் 2-க்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் கன்சோலான ஸ்விட்ச் 2 கடைக்கு வந்தது 2025 ஜூன் 5-ஆம் தேதி. அதன் பிறகு பழைய ஸ்விட்சிலிருந்து மாறுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே வரிசையில் வந்து ஒரே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். பில் வாங்குங்கள், சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடலாம். பணத்தையோ பல மாத உழைப்பையோ பறிக்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பழைய கன்சோலை அவசரப்பட்டுக் கை மாற்றுவது

மற்ற தவறுகளுக்குச் செலவு செய்தால் தீர்வு உண்டு. இதற்குக் கிடையாது. அதனால்தான் இதை ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் எரிச்சலாக வருகிறது.

நடக்கிற விதம் இதுதான். புதியதை வாங்கப் பணம் வேண்டும், பழையதற்கு நல்ல விலை தரும் ஆள் கிடைத்துவிட்டார். மெமரி கார்டை உருவி பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். கன்சோலை ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுத்துவிடுகிறார்கள். சில நாள் கழித்து ஸ்விட்ச் 2 வருகிறது. அதே அக்கவுன்ட்டில் நுழைந்தால் வாங்கிய கேம்கள் எல்லாம் பட்டியலில் நிற்கின்றன, நிம்மதி. டவுன்லோடு முடிந்து செல்டா கேமைத் திறந்தால், குகைக்குள் நாயகன் லிங்க் கண் விழிக்கும் முதல் காட்சி. நூறு மணி நேர ஆட்டம் போயே போய்விட்டது.

காரணம் எளிது. ஸ்விட்சில் சேவ் ஃபைல், அதாவது ஆட்டம் எதுவரை போயிருக்கிறது என்ற பதிவு, மெமரி கார்டில் இருப்பதில்லை, கடையில் வாங்கும் கேம் கார்ட்ரிட்ஜிலும் இருப்பதில்லை. கன்சோலின் உள் மெமரியில் மட்டுமே இருக்கிறது. கார்டில் இருப்பவை டிஜிட்டல் கேம்கள், அப்டேட்டுகள், ஸ்கிரீன்ஷாட்டுகள், வீடியோக்கள். அந்த கேம் ஃபைல்களையும் இன்னொரு ஸ்விட்ச் அப்படியே ஏற்காது, திரும்ப டவுன்லோடுதான் செய்யவேண்டும். நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான கேம் பாய், டிஎஸ் காலத்தில் சேவ் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருந்தது. பிளேஸ்டேஷன் 2-இல் மெமரி கார்டில் இருந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

"கிளவுடில் இருக்குமே" என்பது அடுத்த நம்பிக்கை. நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் என்ற கட்டணச் சந்தா இருந்தால்தான் கிளவுட் சேவ். சந்தா முடிந்துபோனால் 180 நாளுக்குள் புதுப்பித்தாக வேண்டும். சந்தா இருந்தாலும் எல்லா கேமும் கிளவுடுக்குப் போகாது. போக்கிமான் ஸ்கார்லெட், வயலட், சோர்ட், ஷீல்டு ஆகிய நான்கும் போகாது. அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ் சாதாரண கிளவுட் சேவில் சேராது. அதற்குத் தீவு பேக்கப் என்று தனி ஏற்பாடு, அதைத் தனியாக ஆன் செய்திருக்க வேண்டும். ஹோம் திரையில் கேமின் மேல் நின்று பிளஸ் பட்டனை அழுத்தி, கிளவுட் பகுதியில் அந்த கேமின் நிலையைப் பாருங்கள். ஒவ்வொரு கேமுக்கும் பாருங்கள்.

இன்னொரு வகை இன்னும் மோசம். ஒரே கன்சோலில் வீட்டில் இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனி யூசர் இருக்கும். அண்ணன் தன் யூசரை மட்டும் புதியதற்கு மாற்றி, தன் கேம்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்து, பழையதை ரீசெட் செய்துவிடுகிறான். தங்கை ஒரு வருடமாக விளையாடிய போக்கிமான் அந்தப் பழையதில் இருந்தது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. சேவ் என்பது கன்சோலின் பொதுச் சொத்து கிடையாது, ஒவ்வொரு யூசருக்கும் தனி.

சரியான வழி இது:

1. பழைய ஸ்விட்சின் சிஸ்டம் சாஃப்ட்வேரைக் கடைசிப் பதிப்புக்கு அப்டேட் செய்யுங்கள். இரண்டு கன்சோலையும் சார்ஜரில் போட்டு, அருகருகே வைத்து, இணைய இணைப்பு கொடுங்கள்.
2. ஸ்விட்ச் 2-ஐ முதல்முறை ஆன் செய்யும்போதே பழைய ஸ்விட்சிலிருந்து தகவலை மாற்றவா என்று கேட்கும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தாண்டாதீர்கள். முழு கன்சோலையும் ஒரேயடியாக மாற்றும் வசதி இந்த முதல் அமைப்பின்போது மட்டும்தான். தாண்டிவிட்டால், ஸ்விட்ச் 2-ஐ ரீசெட் செய்து முதலிலிருந்து வரவேண்டும், அல்லது யூசர் யூசராக, சேவ் சேவாக மாற்ற வேண்டும்.
3. பழையதை விற்றுத்தான் புதியதை வாங்க முடியும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பழைய கன்சோலின் தகவலை நின்டெண்டோ சர்வரில் ஏற்றி வைத்து, ஸ்விட்ச் 2 வந்தபின் இறக்கிக்கொள்ளலாம். ஏற்றி முடிந்ததும் பழைய கன்சோல் காலியாகிவிடும். ஆகவே ஏற்றும்போது பாதியில் கரன்ட் போகாத, நெட் அறாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.
4. மாற்றிய பிறகு ஒவ்வொரு யூசராக நுழைந்து, முக்கியமான ஒவ்வொரு கேமையும் திறந்து, சேவை லோடு செய்து பாருங்கள். ஐகான் தெரிகிறது என்பது போதாது. ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால்தான் வந்து சேர்ந்ததாக அர்த்தம்.

ஒரு கேமின் சேவை மட்டும் கன்சோலிலிருந்து கன்சோலுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. அது நகல் எடுக்காது, இடம் மாற்றும். அனுப்பிய கன்சோலில் சேவ் இருக்காது. "சோதனைக்காக" நண்பரின் கன்சோலுக்கு அனுப்பிப் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் முடிந்தபிறகும் பழையதை ஒரு வாரம் அலமாரியில் வையுங்கள். ஒரு வாரத்தில் அதன் விலை ஒன்றும் சரிந்துவிடாது.

மலிவாகக் கிடைத்தது என்று ஜப்பான் மாடலை வாங்குவது

இந்தியாவில் நின்டெண்டோவுக்கு அதிகாரபூர்வ விற்பனை கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், வெளிநாட்டிலிருந்து வரும் மாமா கையில் கொடுத்தனுப்பினாலும் எல்லாமே இறக்குமதிதான். பழைய ஸ்விட்சில் இது பெரிய சிக்கலாக இருந்ததில்லை. கிட்டத்தட்ட எந்த நாட்டுக் கன்சோலானாலும் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு ஓட்டலாம்.

ஸ்விட்ச் 2-இல் அந்தக் கதை மாறிவிட்டது. ஜப்பானில் இரண்டு வகையை அறிமுகம் செய்தார்கள். 49,980 யென்னுக்கு வந்தது உள்நாட்டு மாடல். 69,980 யென்னுக்கு வந்தது பலமொழி மாடல். உள்நாட்டு மாடலில் சிஸ்டம் மொழி ஜப்பானியம் மட்டும். ஜப்பான் என்று நாடு குறித்த நின்டெண்டோ அக்கவுன்ட்டை மட்டுமே அதில் இணைக்க முடியும். செட்டிங்ஸில் மாற்ற வழியில்லை. உங்கள் பழைய அக்கவுன்ட்டின் நாடு அமெரிக்கா என்று இருக்கும்வரை, அதில் வாங்கிய கேம்களும் சேவ்களும் இந்தக் கன்சோலுக்கு வராது.

டோக்கியோவிலிருந்து வருகிற நண்பரிடம் "ஸ்விட்ச் 2 வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னால், அவர் கடையில் முதலில் கண்ணில் படும் மலிவு மாடலைத்தான் எடுத்து வருவார். பலமொழி மாடல் என்று குறிப்பாகச் சொல்லுங்கள், வாங்கும் முன் பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாரன்டி எந்த நாட்டில் வாங்கியதோ அந்த நாட்டுக்குத்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். பழுதானால் யார் மூலம் திருப்பி அனுப்புவது என்று வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பழைய மெமரி கார்டை நம்புவது

ஸ்விட்ச் 2-இல் கேம்களை வைக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகைக் கார்டு மட்டுமே வேலை செய்யும். பழைய 512 ஜிபி கார்டைப் போட்டால், அதிலிருக்கும் ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அளவும் வடிவமும் ஒன்றே என்பதால் கடையில் தவறாகக் கொடுத்துவிடுகிறார்கள். கார்டின் மேல் எக்ஸ்பிரஸ் என்பதைக் குறிக்கும் இ, எக்ஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். திருப்பிப் பார்த்தால் உலோகத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். சாதாரண கார்டில் ஒரே வரிசை. வேகம்தான் காரணம். பழைய ஸ்விட்சில் ஓடிய யுஎச்எஸ்-1 என்ற சாதாரண வகைக் கார்டின் உச்சவரம்பு நொடிக்கு 104 எம்பி. எக்ஸ்பிரஸ் கார்டு பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் ஓடுவதால் வரம்பு நொடிக்கு 985 எம்பி வரை போகிறது. "ஏ2", "வி30", "யு3" என்று எத்தனை வேக முத்திரை இருந்தாலும் எக்ஸ்பிரஸ் இல்லையென்றால் பயனில்லை.

விலை அதிகம் என்பதால் வாங்கிய அன்றே கார்டுக்கு ஓடாதீர்கள். உள்ளேயே 256 ஜிபி இருக்கிறது, முதல் ஸ்விட்சில் இருந்தது 32. அது நிறையும்போது வாங்கினால் போதும். எப்போது வாங்கினாலும், கணினியில் போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். போலிக் கார்டு 256 என்று காட்டும், உள்ளே 32-தான் இருக்கும், நிரம்பும்வரை தெரியாது.

பெட்டியில் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, அதனால் கேம் அதில் இருக்கிறது என்று நினைப்பது

ஸ்விட்ச் 2 கேம்களில் கேம்-கீ கார்டு என்று ஒரு வகை உண்டு. கார்ட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் கேம் இருக்காது. போட்டதும் முழு கேமையும் நெட்டிலிருந்து இறக்கவேண்டும். அதன்பிறகும் விளையாட ஒவ்வொரு முறையும் கார்டு உள்ளே இருந்தாக வேண்டும். சைபர்பங்க் 2077 முழு கேமும் 64 ஜிபி கார்ட்ரிட்ஜிலேயே வந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 கேம்-கீ கார்டாக வந்தது. பெட்டியின் முன்பக்கம் கீழே சாவிப் படத்தோடு ஒரு பட்டை இருந்தால் அது கேம்-கீ கார்டு. மொபைல் டேட்டாவை வைத்து ஓட்டுகிற வீட்டில் இதை வாங்கினால் ஒரே கேமில் டேட்டா தீர்ந்துவிடும். விற்கவோ கடன் கொடுக்கவோ முடியும், அது மட்டும் ஆறுதல்.

பழைய துணைக்கருவிகள் எல்லாம் பொருந்தும் என்று எண்ணுவது

கன்சோலை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக், பழையது பொருந்தாது. கன்சோலின் இரு பக்கமும் மாட்டும் கன்ட்ரோலர்களான ஜாய்-கான்களில் பழையவற்றைக் கம்பியில்லாமல் இணைத்து விளையாடலாம், ஆனால் பக்கவாட்டில் மாட்ட முடியாது. புதியவை காந்தத்தில் ஒட்டுகின்றன. பழைய சார்ஜர் 39 வாட். அதில் கன்சோலைச் சார்ஜ் செய்யலாம், டாக்கில் வைத்து டிவியில் ஓட்ட முடியாது. அதற்கு 60 வாட் வேண்டும், புதிய சார்ஜரின் 20 வோல்ட், 3 ஆம்ப்.

வளையத்தைப் பிடித்து உடற்பயிற்சி செய்யும் ரிங் ஃபிட் அட்வென்ச்சர் கேம் வைத்திருப்பவர்கள் பழைய ஜாய்-கான்களைக் கன்சோலோடு சேர்த்து விற்றுவிடாதீர்கள். ஜாய்-கான் 2 அந்த வளையத்தில் மாட்டாது. நாடித்துடிப்பு பார்க்கும் அகச்சிவப்புக் கேமராவும் அதில் இல்லை.

திரையின் மேலுள்ள படலத்தை உரிப்பது

உரிக்காதீர்கள். கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்க நிறுவனமே ஒட்டியது. டெம்பர்டு கிளாஸை அதன் மேலேயே ஒட்டலாம்.

செகண்ட் ஹேண்டில் நெட்டோடு இணைத்துப் பார்க்காமல் வாங்குவது

நகல் கேம்களை ஏற்றும் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் போட்ட ஸ்விட்ச் 2-களை நின்டெண்டோ ஆன்லைன் சேவையிலிருந்து தடை செய்கிறது. தடை விழுவது கன்சோல் மீது. ரீசெட் செய்தாலும் போகாது, அக்கவுன்ட் மாற்றினாலும் போகாது. ஈஷாப் என்ற நின்டெண்டோவின் ஆன்லைன் கடை, ஆன்லைன் ஆட்டம் எதுவும் நடக்காது. விற்பவர் முன்னாலேயே உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஈஷாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்தால்தான் பணம்.

பட்ஜெட் காரணமாகப் பழைய ஸ்விட்சையே செகண்ட் ஹேண்டில் பார்ப்பவர்கள் பின்பக்க மாடல் எண்ணைப் படியுங்கள். எச்ஏசி-001 என்றால் 2017-இன் முதல் வகை, பேட்டரி 2.5 முதல் 6.5 மணி நேரம். அதோடு அடைப்புக்குள் -01 இருந்தால் 2019-இல் வந்தது, 4.5 முதல் 9 மணி நேரம். பெட்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள், பெட்டி மாறியிருக்கலாம். கன்சோலின் பின்புறத்தையே பாருங்கள்.

கிஃப்ட் கார்டை நாடு பார்க்காமல் வாங்குவது

ஈஷாப்பில் பணம் ஏற்றும் கிஃப்ட் கார்டுக்கும் நாடு உண்டு. அமெரிக்க அக்கவுன்ட்டுக்கு அமெரிக்கக் கார்டு, ஜப்பான் அக்கவுன்ட்டுக்கு ஜப்பான் கார்டு. ஈஷாப்பில் மீதிப் பணம் இருக்கும்வரை அக்கவுன்ட்டின் நாட்டையும் மாற்ற முடியாது. ஆகவே பெரிய தொகைக் கார்டு வாங்கிச் சில்லறையை மாட்டிவைக்காதீர்கள்.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது

தேவையில்லை. நின்டெண்டோ சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அமெரிக்க, ஜப்பான் சார்ஜருக்குத் தட்டைப் பின்னை உருண்டைப் பின்னாக்கும் ஒரு கன்வர்ஷன் பிளக் போதும். சாக்கெட்டில் ஆடாமல் இறுக்கமாக நிற்பதாகப் பார்த்து வாங்குங்கள்.